என் தொண்டையில் இருந்த ஐந்து பேர்

ஒரகடம் கூட்டு ரோட்டில் விடிகிற நேரத்துக்கு வந்து நிற்கிற கம்பெனி பஸ் எதுவாக இருந்தாலும் சரி, ஒரு காலத்தில் அதில் என் பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். இதை மற்றவர்கள் சொன்னால் அழகாக இருக்கும். மற்றவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். மேடை ஏறியது பதினாறு வயதில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும், நாற்பத்தாறு வயதில் தனியாக ராக் ஆல்பம் போட்ட பெண்பிள்ளை யார் என்று விசாரித்துப் பாருங்கள். ஒரே ஒரு வீட்டைத்தான் காட்டுவார்கள். வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், வெளிப்பக்கமாகப் படிக்கட்டு வைத்த, பச்சை பெயின்ட் அடித்த மாடி வீடு.

அந்த வீடும் நான் எழுப்பியதுதான். கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது இங்கே எல்லோரும் நிலத்தை விற்க ஓடினார்கள். நான் ஓடவில்லை. தெற்கத்திப் பெண்பிள்ளைகள் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரூம் தேடி அலைவதைப் பார்த்தேன். கச்சேரியில் சேர்த்ததையெல்லாம் போட்டு, இருந்த வீட்டின் மேலே மூன்று ரூம் கட்டி லேடீஸ் ஹாஸ்டல் என்று போர்டு மாட்டினேன். நிற்காமல் வருகிற தண்ணீர், உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு. வெளியூரில் தங்குகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது இந்த இரண்டும்தான். திருவிழாத் திருவிழாவாக ஊர் ஊராகப் போய்த் தங்கியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் பாடிக்கொண்டிருந்தது லைட் மியூசிக் பார்ட்டியில். என் வீட்டுக்காரருடைய பார்ட்டி. அவர் ரிதம் பேட் வாசிப்பார், மைக்கில் அறிவிப்பும் அவரே. எங்கள் தொழிலில் பாட்டுக்காரிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. சினிமாவில் பாடுகிற இன்னாருடைய குரல் என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள், மேடையில் கூப்பிடுவதும் அப்படித்தான். மற்ற பார்ட்டிகளில் ஒரு பெண் ஒரு குரலைப் பிடிப்பதற்கே நாக்குத் தள்ளிவிடும். நான் ஐந்து பேரைப் பிடித்தேன். ஒருத்தர் மூக்கால் இழுப்பார். ஒருத்தர் சிரித்துக்கொண்டே பாடுவது போலிருக்கும். இன்னொருத்தருக்கு வரி முடிகிற இடத்தில் வெறும் காற்று மட்டும் வரும். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பதுவரை எனக்கு அத்துப்படி. எல்லாம் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுப் படித்தது. ஒரு வாத்தியார் முன்னால் உட்கார்ந்ததில்லை.

மணிமங்கலம் திருவிழாவில் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடினு கேட்டா அவங்களே வந்து பாடுற மாதிரி கீதும்மா" என்று கண்கலங்கியவர்கள் எத்தனையோ பேர். முப்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் வயிறு நிறைந்தது.

ஹாஸ்டலில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. ஏ ஷிப்டு என்றால் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும், ஐந்து பத்துக்குக் கூட்டு ரோட்டில் பஸ். அந்தப் பிள்ளைகளை நாலரைக்கு எழுப்புவது என் பொறுப்பு. ஆனால் அதே ரூமில் பி ஷிப்டு முடித்து முன்ராத்திரி வந்து படுத்த பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் எல்லோரும் எழுந்து என்னைத் திட்டுவார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை, ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். அதனால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். படிக்கட்டுக்குக் கீழே நின்று, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, "ஏ சங்கரன்கோவில், ஏ விளாத்திகுளம், ஏ சாயல்குடி, எழுந்திரு, பஸ்ஸு வந்துரும்" என்று ஒரு குரல். அவ்வளவுதான். கூப்பிட்ட ஊர் மட்டும் எழுந்திருக்கும். பக்கத்துப் பாயில் இருக்கிற ஊர் புரண்டுகூடப் படுக்காது. இது எப்படி என்று கேட்காதீர்கள். கைவந்த வேலை.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஆரம்பித்தது. பிள்ளைகள் தலை காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடச் சொன்னார்கள், பாடினேன். இவரைக் கேட்டால் இவர், அவரைக் கேட்டால் அவர், ஐந்து பேரையும் வரிசையாக இறக்கிவிட்டேன். கைதட்டி முடித்ததும் சங்கரன்கோவில் பிள்ளை, போன் கம்பெனியில் லைனில் இருந்தவள், வாய் கொஞ்சம் நீளம், என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"யக்கா, இவங்கல்லாம் நல்லாத்தான் பாடுதாங்க. நீங்க எப்பப் பாடுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதென்ன பெரிய விஷயம் என்று, என் மகனைத் தூங்கவைக்க நானே கட்டிப் பாடிய தாலாட்டை எடுத்தேன். முதல் வரியே மூக்கால் வந்தது. நிறுத்தி மறுபடி எடுத்தேன். சிரிக்கிறவர் வந்தார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. சமையலறையில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு மாதிரியாகப் பாடிப் பார்த்தேன். என் வீட்டில், என் சமையலறையில், யார் யாரோ வந்து போனார்கள். நான் மட்டும் வரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். என் முகம் போட்டு, என் குரலில், எவரும் ஏற்கெனவே பாடாத பாட்டாக ஒரு ஆல்பம் போடுவது. சாவதற்குள் ஒரு தடவை என் குரல் எது என்று நான் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது சாமி பாட்டாகப் போடு, ஆடி மாதம் ஓடும் என்றார். சாமி பாட்டுக்கு ஒரு பெரிய வரிசையே நிற்கிறது, அந்த வரிசையின் கடைசியில் போய் நான் நிற்க மாட்டேன் என்றேன். எனக்கு ஆள் கிடைத்திருந்தது. கார் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற நாகர்கோவில்காரர் ஒருவர், சேரப்பணஞ்சேரியில் ரூம் எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார், மற்ற நாளில் ரூமில் அதே கிட்டாரைப் போட்டு ராக் என்று கதறவைப்பார். எங்கள் பார்ட்டிக்கு இரண்டு தடவை வாசிக்க வந்தவர். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் போல இல்லாத சத்தம். ஆறு பாட்டு என்று பேசினோம். எழுதியது ஹாஸ்டலில் இரண்டாம் நம்பர் ரூம். வாரத்தில் ஒரு நாள் லீவு, மெஸ் சாம்பார், காலில் வீக்கம், ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, எல்லாம் பாட்டாக வந்தது. விஷயங்களை எடுத்துக் கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நெருக்கடி. கிட்டார்காரருக்கு வடக்கே புதுசாகத் திறக்கிற பிளான்ட்டுக்கு மாற்றல் வந்திருந்தது. இரண்டு மாதம்தான் இருப்பேன், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி வாசிக்க இந்த ரோட்டில் வேறு ஆள் கிடையாது.

ரிக்கார்டிங் படப்பையில். பஞ்சர் கடைக்கு மேலே ஒரு ரூம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கீழே காற்றடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே வேலை நின்றுவிடும். ரிக்கார்டிங் பண்ணுகிறவர் ஒரு இரும்புக் கம்பியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார், கீழே நிறுத்துவார்கள். முப்பது வயசு ஆள், சவுண்டுக்குப் படித்தவர். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது.

முதல் பாட்டைப் பாடி முடித்தேன். கிட்டார்காரர் அருமை என்றார். ரிக்கார்டிங்காரர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா கீதுக்கா. ஆனா இது அவங்க. நீங்க எப்போ வருவீங்க?"

சங்கரன்கோவில் பிள்ளை கேட்ட அதே கேள்வி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று எனக்குக் கோபம். இரண்டாவது நாள் மாற்றிப் பாடினேன், அது வேறொருத்தர் என்றார். இப்படி ஐந்து நாள் போனது. ஐந்து பேரும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் சரியாக அடையாளம் சொன்னார், அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆறாவது நாள் நான் ஒரு யோசனை பண்ணினேன். ஐந்து பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்தால் ஆறாவதாக வருவது நான்தானே. கலந்து பாடினேன். கேட்டுவிட்டு அவர், கல்யாண மண்டபத்தில் ரெண்டு கச்சேரி ஒரே நேரத்துல நடக்குற மாதிரி கீதுக்கா என்றார். சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐஸ் தண்ணீர் குடித்தேன். மாங்காய் ஊறுகாய் தின்று தொண்டையைக் கட்டவைத்துப் பார்த்தேன். கட்டிய தொண்டையிலும் அவர்களேதான் வந்தார்கள், ஜலதோஷத்தோடு. வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருசமா அந்த அஞ்சு பேருதான் நமக்கு சோறு போட்டாங்க. இப்போ அவங்கள தொரத்திட்டு அங்க யாரை உக்கார வெக்கப்போற?"

நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். கிட்டார்காரர் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் ஸ்டூடியோவுக்குத் துணைக்குச் சங்கரன்கோவில் பிள்ளையைக் கூட்டிப்போனேன். அவளுக்கு அன்று லீவு. அன்றைக்கும் பாடினேன், அன்றைக்கும் அவர் தலையை ஆட்டினார். கடைசியாக ஒரு தடவை என்று ஆரம்பித்தபோது, நடுப்பாட்டில், அந்தப் பிள்ளையின் செல்போன் அலறியது. மணிச் சத்தம் இல்லை. "ஏ சங்கரன்கோவில், எழுந்திரு, பஸ்ஸு வந்துரும்."

ரூமே அதிர்ந்துபோனது. அவள் பதறிப்போய்ப் பையைத் துழாவினாள். பி ஷிப்டு வாரத்தில் மத்தியானம் கண் அயர்ந்துவிட்டால் எழுந்துகொள்ள வைத்திருந்த அலாரமாம் அது, லீவு என்று அணைக்க மறந்துவிட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது காலையில் எழுந்திருக்கவே முடியவில்லையாம். அதற்காக ஒரு நாள் நான் கூப்பிடுவதை எனக்குத் தெரியாமல் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். நான் அவளைத் திட்ட வாயைத் திறந்தேன்.

ரிக்கார்டிங்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். போட்டாள். மூன்று தடவை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தம்மா யாரு? இவங்கள இட்டுனு வாங்க" என்றார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. முப்பது வருஷம் சுருதி தப்பாமல் பாடியவளிடம், படிக்கட்டில் நின்று கத்துவதை எடுத்துக்கொண்டு வா என்றால் எப்படி இருக்கும். அது பாட்டே இல்லை, வேலை என்றேன். அதற்குள் கிட்டார்காரர் அந்த போன் சத்தத்தோடு சேர்த்துக் கம்பியை மீட்ட ஆரம்பித்திருந்தார். தலையைத் தூக்காமலே, இது கொள்ளாம்க்கா, இதுல ஒரு பாட்டே கெடக்கு என்றார்.

ஆனால் மைக் முன்னால் அது வரவில்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், கண்ணை மூடிப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் மைக்கை ஹாஸ்டலுக்கே கொண்டுவருவது என்று முடிவானது. படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு துப்பட்டாவால் மைக்கைக் கட்டினார்கள். ஒயரைக் கூடத்துக்கு இழுத்து, ரிக்கார்டிங்காரர் நாலு மணிக்கே வந்து மெஷினோடு உட்கார்ந்தார். நான் குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றேன். அன்றைக்கு ஏ ஷிப்டுக்கு ஏழு பேர். மூச்சை இழுத்து ஏழு ஊரையும் வரிசையாகப் பாடினேன். என்ன சொல்வது, அத்தனை அழகாக வந்தது. மைக்கைப் பார்த்ததும் மூக்கால் இழுக்கிறவர் ஓடி வந்துவிட்டார் என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அழகு அழகுதானே. பாடி முடித்துவிட்டு, எப்படி என்பது போலக் கூடத்தைப் பார்த்தேன்.

மாடியில் ஒரு சத்தமும் இல்லை. சரி, எழுந்து தயாராகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரிக்கார்டிங்காரருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். ஐந்து மணிக்குத்தான் உறைத்தது, குழாய்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு ஊரும் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. உலுக்கி எழுப்பியதும் விளாத்திகுளம் எழுந்து உட்கார்ந்து, "கேட்டுச்சுக்கா, எங்கயோ கோயில்ல ரேடியோ போட்டுருக்காகன்னு நெனச்சேன்" என்றது.

பஸ் போய்விட்டது. ஏழு பேர் ஒரே லைனில் வராவிட்டால் சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்று பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரரை எழுப்பி, பார்ட்டி வேனில் இருந்த டிரம்ஸையும் ஸ்பீக்கரையும் இறக்கக்கூட நேரமில்லாமல், அதன்மேலேயே பிள்ளைகளை உட்காரவைத்து அனுப்பினேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, கச்சேரிக்கு இன்றைக்கு லெட்டர் வரலையே என்று வேனை மறித்தாராம். என் வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போய் கார்டு போட்டிருக்கிறார்கள்.

அன்று பகல் முழுக்க அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரையே அழவைத்த குரல் அது. ஏழு பிள்ளைகளை எழுப்ப அதற்குத் துப்பில்லை.

மறுநாள் காலையில் மைக் அங்கேயே கட்டியிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பஸ்ஸை விட்டால் என் ஹாஸ்டல் மானம் போகும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. கொண்டையை முடிந்துகொண்டு, சுவரில் கை வைத்து, ஏழு ஊரையும் ஒரு பிடி பிடித்தேன். "ஏ சங்கரன்கோவில், எழுந்திரு! ஏ விளாத்திகுளம், நேத்து மாதிரி ரேடியோன்னு படுத்த, தண்ணி ஊத்திருவேன்." நடுவில் ஒரு இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி பிடித்தேன். மேலே பாய் சுருட்டுகிற சத்தம், குழாய்ச் சத்தம், பக்கெட் சத்தம், எல்லாம் வரிசையாக வந்தன. கூடத்தில் ரிக்கார்டிங்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

காலை வெளிச்சம் வந்ததும் அதைப் போட்டுக் காட்டினார். கனத்த, கொஞ்சம் கரகரத்த, அதிகாரம் பண்ணுகிற ஒரு பொம்பளைக் குரல். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்று கேட்டுவிட்டு, வாயில் நுரையோடு சொன்னார்: "இத்த எதுக்கு ரிக்கார்டு பண்ணீங்க? இதான் தெனமும் வூட்ல ஓடிக்கினு கீதே."

அந்த இருமலை எடுத்துவிடச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார் ரிக்கார்டிங்காரர். "இருமல்ல கூட நீங்கதான் கீறீங்க. அத்த எடுத்தா நான் என் பேரை எடுத்துருவேன்" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கிட்டார்காரர், அக்கா எந்த நாள் கூப்பிட்டாலும் அதே சுருதி, அரை இழைகூட மாறவில்லை என்று போனில் இருந்ததையும் மைக்கில் இருந்ததையும் வைத்துக் காட்டினார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கூப்பாட்டுக்கு அவர் கிட்டார் சேர்த்ததும் அதுவே முதல் பாட்டு ஆகிவிட்டது. மீதி ஐந்து பாட்டையும் பஞ்சர் கடை மூடியிருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், கடை வாசலில், ஸ்டூடியோப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் பாடினேன். மேலே ரூமில் மெஷின், கீழே நான். மேலே பார்த்துப் பாடினால்தான் அந்தக் குரல் வரும். பழைய ஐந்து பேரும் அந்தப் பக்கமே வரவில்லை. கடைசிப் பாட்டுக்கு வாசித்த மூன்றாம் நாள் கிட்டார்காரர் ரயில் ஏறிவிட்டார்.

சி.டி. அட்டையில் என் முகம் மட்டும். இன்னாருடைய குரல் என்று போடவில்லை. திருவிழா வாசலில் ஒரு மேஜை போட்டு விற்றோம். ஒருத்தரும் வாங்கவில்லை. அந்தம்மா பாட்டு இருக்கா, இந்தம்மா பாட்டு இருக்கா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். மேஜையை மடக்கும்போது வீட்டுக்காரர், அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கணும், உன்னை எப்படிப் போடறது என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆனால் என்னிடம் பதினெட்டுப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பதினெட்டுப் பேர் கையிலும் போன். சங்கரன்கோவில் அந்த "எழுந்திரு" பாட்டை ரிங்டோன் வைத்தாள். பக்கத்தில் நின்று பார்ட்ஸ் மாட்டுகிற பிள்ளை கேட்டு வாங்கினாள். அங்கிருந்து பஸ் டிரைவரிடம் போனது. கூட்டு ரோட்டில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடைகள் ஏழெட்டு இருந்தன அப்போது. ஒரு மாதத்தில் எல்லாக் கடையிலும் என் பாட்டு ஏற்றச் சொல்லி ஆள் நின்றது. ஏ ஷிப்டு பஸ்களில் டிரைவர்கள் அதைத்தான் முதலில் போட்டார்கள். தூங்கி வழிகிற பிள்ளைகள் தம் ஊர்ப் பெயர் வரும்போது கண்ணைத் திறந்து கை தூக்குமாம். தீபாவளி லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள், பாட்டும் கூடவே போனது. விளாத்திகுளத்தில் மினி பஸ்ஸில் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். சாயல்குடியிலிருந்து ஒரு பிள்ளையின் அப்பா எனக்கு போன் பண்ணி, எங்க ஊரு பேரைப் பாட்டுல கேட்டோம்மா, சந்தோசம், அது இருக்கட்டும், எங்க புள்ள நெசமாவே அவ்வளவு நேரமா தூங்குது என்று கேட்டார். அதற்குப் பிறகு மேஜையில் வைத்த சி.டி. எல்லாம் போய்விட்டது, மறுபடி போட்டதும் போய்விட்டது. உள்ளூர் கேபிளில் என்னை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். இத்தனை வருஷ அனுபவம் எப்படி என்று கேட்டார்கள். ஆறு மாதம்தான் ஆகிறது என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை.

இதில் ஒரே ஒரு மனவருத்தம். ரிக்கார்டிங் நடந்த வாரம் திசையன்விளைப் பிள்ளை அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அதனால் பாட்டில் திசையன்விளை இல்லை. ஒரு வாரம் என்னோடு பேசாமல், நான் வைத்த குழம்பையும் தொடாமல் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு மேடையில் பாடும்போதெல்லாம் திசையன்விளையை முதலில் வைத்தேன்.

ஆமாம், மேடையேறினேன். நோட்டீஸில் என்னை எப்படிப் போடுவது என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, என் பெயரைப் போடு என்றேன். அச்சகத்தில் இருந்தவர் இது யார் குரல் என்று கேட்டாராம். வூட்டுல வந்து கேட்டுப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

நாலைந்து வருஷம் கழித்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சங்கரன்கோவில் அதற்குள் வேறொரு கம்பெனியில் லைன் லீடராகியிருந்தாள். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம், அக்கா நீங்கதான் என் குடும்பம் என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், பொரி கடலைப் பொட்டலம். பார்க்கிங்கில் மேடை போட்டு, அரக்கோணம் பக்கத்துப் பார்ட்டி ஒன்று பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் பின் வரிசையில் உட்கார்ந்தோம். அறிவிப்பாளர் ஒருத்தர் ஒருத்தராகக் கூப்பிட்டார். இன்னார் குரல், இன்னார் குரல், எனக்குப் பழகிய வரிசைதான். கடைசியில், இப்போது ஒரகடம் எழுந்திரு அக்காவின் குரலில், என்றார்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது இருபத்திரண்டு வயசுப் பெண். மைக்கைப் பிடித்து மேலே பார்த்தாள். மேலே பார்த்துப் பாட வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கனத்த குரல், கரகரப்பு, நான் மூச்சு வாங்குகிற இடத்திலேயே மூச்சு. கூட்டம் ஊர்ப் பெயருக்கெல்லாம் கை தூக்கியது. பின் வரிசையிலிருந்து என் கையும் தானாக எழுந்து, பாதியில் இறங்கிவிட்டது. விளாத்திகுளத்துக்குப் பிறகு அவள் ஒரு இருமல் இருமினாள். சரியாக அந்த இடத்தில். வீட்டுக்காரர் குனிந்து என் காதில், இருமல் மட்டும் பத்தல என்றார்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சி.டி. அட்டையில் இருந்த முகத்துக்கு மேக்கப் கொஞ்சம் அதிகம். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிவிப்புச் செய்யத் தயாரானார். நறுக்கென்று கிள்ளினேன். யாரு நீங்க என்று அவள் கேட்டதற்கு, ஹாஸ்டல் வச்சிருக்கேன் என்றேன்.

"எப்படிக்கா இருந்துச்சு? அவங்கள மாதிரி வந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்தப் பழைய வாக்கியம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. கண்ண மூடினு கேட்டா அவங்களே. சொன்னால் அவளுக்கு வயிறு நிறையும், எனக்குத் தெரியும். எனக்கும் நிறையும், அது இன்னும் நன்றாகத் தெரியும். விழுங்கிவிட்டேன்.

"அந்த இருமல் எதுக்கும்மா?" என்றேன்.

"சி.டி.ல இருக்குதேக்கா. அது இல்லன்னா அவங்க மாதிரி இருக்காதே."

"அன்னிக்கி அந்தம்மாவுக்கு தொண்டைல ஏதோ மாட்டிக்கிச்சு, இருமிச்சு. உனக்கு இன்னா மாட்டிக்கினு கீது?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த எடத்துல நான் இன்னாக்கா பண்றது?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

கையிலிருந்த பொரிப் பொட்டலத்தில் பாதியை அவள் மடியில் கொட்டிவிட்டு வெளியே வந்தோம். வேனில் ஏறியதும் வீட்டுக்காரர், நீதான் அதுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு கால்ல வுழுந்திருக்கும் என்று குறைப்பட்டுக்கொண்டார். நாளைக்கு ஏ ஷிப்டுக்கு ஒன்பது பேர், அதில் புதுசாக வந்த ஒருத்தி எந்த ஊர் என்று கேட்டு வைக்க மறந்துவிட்டேன். போனதும் கேட்க வேண்டும். ஊர் தெரியாமல் எப்படி எழுப்புவது?